ஆக்சலோட்டல் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே இறப்பது ஏன்?

கேள்வி: நண்பர் கொடுத்த அறுபது ஆக்சலோட்டல் (வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும், சாலமாண்டர் வகை நீர்நில உயிர்) முட்டைகளும் நன்றாகப் பொரிந்தன. மீன்குஞ்சுகளுக்கான தூள் தீவனத்தைத் தவறாமல் போட்டும், ஐந்தாம் நாளிலிருந்து தினமும் நான்கைந்து குஞ்சுகள் இறக்கின்றன. எங்கே தவறு?

பதில்: உங்கள் குஞ்சுகள் பெரும்பாலும் பட்டினியால்தான் இறக்கின்றன. பொரிந்தபோது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே இருக்கும் இவை, முதல் இரண்டு மூன்று நாட்களை வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே கழித்துவிடுகின்றன. அது தீர்ந்த பிறகே பசி தெரிகிறது. கால்கள் முளைக்கும் வரை, கண்ணெதிரே அசையும் பொருளை மட்டுமே இவை இரையென்று அறிந்து கவ்வும். நீங்கள் போடும் தூள் அசையாமல் அடியில் படிந்து அழுகி, நீரில் அம்மோனியாவைப் பெருக்குவதால் கேடு இரட்டிப்பாகிறது.

தூளை இன்றே நிறுத்திவிட்டு, ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும், இறாலின் உறவான சிற்றுயிர்) முட்டைகளைப் பொரிக்க வையுங்கள். ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பைக் கரைத்து, ஏர் பம்ப் மூலம் இடைவிடாது காற்றைச் செலுத்தி, 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்தி ஒரு பக்கமிருந்து விளக்கைக் காட்டினால், ஓடுகள் மேலே மிதக்க, ஆரஞ்சு நிறப் பொடிப்பொடியான உயிர்கள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றைக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல நீரில் அலசிய பிறகே குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். தின்ற குஞ்சின் கண்ணாடி போன்ற வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறம் தெரியும். எத்தனை வருடம் வளர்த்தாலும், காலையில் நான் முதலில் தேடுவது அந்த நிறத்தைத்தான்.

நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் இறந்துவிடும் என்பதால், தினமும் இருமுறை உணவளித்து, மிச்சத்தைப் பிப்பெட்டால் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரை மாற்றுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மெக்சிகோ நகரை ஒட்டிய சொச்சிமில்கோவின் குளிர்ந்த நீர்நிலைகளே இவ்வினத்தின் தாயகம்; ஆகவே குஞ்சுகளுக்கு 16 முதல் 18 டிகிரி ஏற்றது, 24ஐத் தாண்டினால் ஆபத்து. ஆர்ட்டீமியாவுக்கு வெப்பமும் குஞ்சுக்குக் குளிர்ச்சியும் தேவைப்படுவதால், இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

முன்கால்கள் முளைக்கும்போது அடுத்த சிக்கல் தொடங்கும். அசைவதையெல்லாம் கவ்வும் பழக்கத்தில் ஒன்றன் காலையும் செவுளையும் மற்றொன்று கடித்துவிடும். கடிபட்ட உறுப்பு மீண்டும் வளரும் என்பது உண்மையே. ஆனால் அதை நம்பி நெரிசலில் விடுவது தவறு, ஏனெனில் காயத்தில் பூஞ்சை பிடித்து இறக்கும் குஞ்சுகள் உண்டு. அளவுவாரியாகப் பிரித்து, பெரியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களுக்கு மாற்றுங்கள். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியவை டாப்னியா என்னும் நன்னீர்ச் சிற்றுயிரைத் தின்னும். நான்கு கால்களும் வந்தபின் நறுக்கிய புழுக்களையும் பழக்கலாம்.

பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் என்பதால், பிழைப்பவற்றை யார் வளர்ப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்; எக்காரணம் கொண்டும் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். அடுத்த முறை, முட்டைக்குள் குஞ்சு நெளிவது தெரிந்த அன்றே ஆர்ட்டீமியா வளர்ப்பை ஒத்திகை பார்த்துவிடுங்கள். முட்டையிட்டதிலிருந்து பொரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகுமென்பதால் அதற்குப் போதிய அவகாசம் இருக்கும்.