போதை சிகிச்சையில குவாலிடேட்டிவ் ரிசர்ச் பண்றவங்க கேரியர் எப்படி இருக்கும்?

சர்வே ஃபார்ம் நிரப்புற வேலை இல்லைங்க இது, மனுஷங்க கூட மாசக்கணக்குல உக்காந்து பேசுற வேலை. மைக்கேல் ஆகர்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர், அவரோட கேரியரைப் பாத்தாலே நல்லா புரியும். 1968ல கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன்ல இருந்த அரசு மருத்துவமனையில சேர்ந்தாரு, 1935ல ஹெராயின் மாதிரி போதைக்கு அடிமையானவங்களுக்காகத் திறந்த இடம், பாதி ஜெயில் பாதி ஆஸ்பத்திரின்னே சொல்லலாம்.

அங்க ஒரு பெரிய சிக்கல், நோயாளிங்க எல்லாம் உள்ள இருக்காங்க, அவங்க வாழ்ந்த தெரு வெளிய இருக்கு, அப்புறம் எதைப் போய் பாக்குறது? அதனால ஹெராயின் வாங்குறது, ஊசியில போட்டுக்கிறது இதையெல்லாம் அவங்களையே நடிச்சுக் காட்டச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி, ஏன் அப்படி செஞ்சீங்கன்னு அவங்ககிட்டயே திருப்பிக் கேட்டாரு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதுதான், அவங்களை நோயாளியா மட்டும் பாக்காம தெருவுல பிழைக்கத் தெரிஞ்ச திறமைசாலியாவும் பாத்தாரு. 1973ல இது புத்தகமாவும் வந்துச்சு.

அப்புறம் நியூயார்க்குக்குப் போய் மெதடோன் சிகிச்சையைப் பாத்தாரு, ஹெராயினுக்கு பதிலா கிளினிக்ல குடுக்குற அந்த மருந்தே தெருவுல விலைக்கு வந்துடுச்சு, கிளினிக் கணக்கை மட்டும் வெச்சு இதை எப்படிப் புரிஞ்சுக்க முடியும் சொல்லுங்க? பிறகு மேரிலேண்ட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர், அதையும் விட்டுட்டு தனியா ஆராய்ச்சி. 2017ல இறந்துட்டாரு.

நீங்க வரணும்னா மானுடவியல், சமூகவியல், சோஷியல் வொர்க் எதுல இருந்தும் வரலாம், ஆனா பேசுறவங்க ரகசியத்தைக் காப்பாத்துறதுல கொஞ்சமும் அசால்ட்டா இருக்கவே கூடாது, ஏன்னா அவங்க சொல்ற ஒரு வரி அவங்களையே போலீஸ்ல மாட்டி விட்டுடும்.