எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: சார், எஸ்ஜிபிடி 78 வந்திருக்கு. கல்லீரல் வேலை செய்யலைன்னு அர்த்தமா?

பதில்: இல்லை. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அவை காட்டுவது சேதத்தை, வேலைத்திறனை அல்ல. வேலைத்திறனுக்குக் கல்லீரல் தயாரிக்கும் புரதமான ஆல்புமினையும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆரையும் பாருங்கள். ஆல்புமினின் அரை ஆயுள் (ரத்தத்தில் இருப்பது பாதியாகும் காலம்) சுமார் 20 நாள், அதனால் மெதுவாகத்தான் குறையும். திடீர் பாதிப்பில் ஐஎன்ஆர் ஓரிரு நாளிலேயே ஏறிவிடும். முற்றிய சிரோசிஸில்கூட (கல்லீரல் தழும்பேறிய நிலை) எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கலாம் என்பதை மறக்கவே கூடாது. உங்கள் 78க்குக் கொழுப்புக் கல்லீரல், மது, சாப்பிடும் மாத்திரைகள், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றை முதலில் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: ஜிம் போறேன். எஸ்ஜிஓடி 140, எஸ்ஜிபிடி 60. குடிக்கிறதே இல்லை, டாக்டர் நம்ப மாட்டேங்கிறார்.

பதில்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நின்றால் மதுவைச் சந்தேகிப்பது வழக்கம். ஆனால் அது தசையிலும் நிறைய உண்டு. சிபிகே (தசை என்சைம்) டெஸ்ட் எடுங்கள். அதுவும் எகிறியிருந்தால் தசைதான் காரணமாக இருக்கும். ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்து திரும்பப் பாருங்கள்.

கேள்வி: விரதம் இருந்தா கண் லேசா மஞ்சளாகுது. மொத்த பிலிருபின் 2.4, டைரக்ட் 0.4, மற்றது நார்மல்.

பதில்: பெரும்பாலும் கில்பர்ட்: மஞ்சள் நிறமியான பிலிருபினைக் கல்லீரல் கொஞ்சம் மெதுவாகக் கையாளும் நிலை. பரம்பரைக் கூறு, கெடுதல் இல்லை, மருந்தும் வேண்டாம். ரத்த அணுக்கள் அழியவில்லை என்று உறுதிசெய்ய ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட்டும் (புதிய சிவப்பணு) ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகுது, மலம் வெளுத்துடுச்சு, உடம்பெல்லாம் அரிப்பு. கீழாநெல்லி குடுக்கிறோம்.

பதில்: இனியும் காத்திருக்காதீர்கள், இது பித்தநீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். தினமும் அரை முதல் ஒரு லிட்டர் பித்தநீர் சுரக்கிறது. வழி அடைபட்டால் அது குடலுக்குப் போகாது, மலம் வெளுக்கும். நீரில் கரையும் டைரக்ட் பிலிருபின் சிறுநீரில் இறங்கும். ரிப்போர்ட்டில் பித்தநீர்க் குழாய் அடைப்பைக் காட்டும் என்சைம்களான ஏஎல்பி, ஜிஜிடி இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். உடனே வயிற்று ஸ்கேன் எடுங்கள். குழாயில் சிக்கிய கல்லைக் கஷாயம் எடுக்காது, இஆர்சிபி (வாய்வழியாகக் கருவி விட்டு அடைப்பை நீக்குவது) தேவைப்படலாம். குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. இன்னொன்று: பித்தநீர் இல்லாமல் வைட்டமின் கே உறிஞ்சப்படாது, ஐஎன்ஆர் ஏறும். கே ஊசி போட்டு அது இறங்கினால் குறை அடைப்பில், இறங்காவிட்டால் கல்லீரலிலேயே.

கேள்வி: பையனுக்கு 13 வயசு, ஏஎல்பி 320!

பதில்: வளரும் எலும்பிலிருந்தும் ஏஎல்பி வரும், இந்த வயதில் இயல்பு. எலும்பிலிருந்து வராத ஜிஜிடி நார்மலா என்று மட்டும் பாருங்கள்.