வாங்கும் முன் ஒரு வார்த்தை: கேள்வி-பதில்

கேள்வி: "முழுக்கச் சுதந்திர மென்பொருள் மிஸ், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்" என்று சொல்லி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய லெப்டொப் ஒன்றை விற்றார்கள். ஏரியல் எழுத்துரு கேட்டேன். கடைப் பையன் ஏதோ மென்பொருள் பொதியைப் போட்டார். மைக்ரோசொஃப்ட் ஒப்பந்தம் திரையில் வந்தது, என்னைக் கேளாமலே "யெஸ்" அடித்தார். டேட்டாவும் என் போனிலிருந்துதான் போனது. இது சரியா?
(ஆசிரியை, தலவாக்கலை)

பதில்: சரியே இல்லை மிஸ். அந்தப் பொதிக்குள் எழுத்துருவே கிடையாது. வெளித்தளத்துக்குப் போய் அதை இழுத்து வரும் சின்ன நிரல்தான் இருக்கிறது. நிரல் சுதந்திரமானது, இழுத்து வரும் சரக்கு அப்படியில்லை. அதனால்தான் டெபியன் அதை முழுச் சுதந்திர மென்பொருளுக்கான 'மெய்ன்' பகுதியில் சேர்க்காமல், வெளிச்சரக்கை நம்பியிருப்பவற்றுக்கான 'கொன்ட்ரிப்' பகுதிக்குத் தள்ளி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த சரக்கில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் டெபியனால் அடைக்க முடியாது. இந்தக் கடைகள் மேல் எனக்குத் தீராத எரிச்சல் இதுதான்: வெளிச்சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்டு வாய் திறக்க மாட்டார்கள். ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டியவர் நீங்கள், கடைப் பையன் அல்ல. மெய்னையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2015இல் அதிலிருந்த குரோமியம் உலாவியே, குரல் கேட்கும், உள்ளே என்ன என்று யாரும் பார்க்க முடியாத மூடிய துணைக்கூறு ஒன்றைச் சத்தமில்லாமல் இறக்கிப் பிடிபட்டது. ஏரியலுக்குப் பதில் மெய்னிலுள்ள 'லிபரேஷன்' எழுத்துருவைப் போடுங்கள். எழுத்தின் அகலம் ஒன்றுதான், வினாத்தாளில் வரி உடையாது.

கேள்வி: நண்பரின் நண்பரிடம் லெப்டொப் வாங்கினேன். பில் இல்லை. ஓன் பண்ணியும் பார்க்கவில்லை. சார்ஜ் நிற்பதில்லை. யாரிடம் முறையிடுவது?
(பண்டாரவளை)

பதில்: நண்பரின் நண்பரிடம்.

கேள்வி: டெபியன் போட்டேன், வைஃபை வரவில்லை. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டொங்கிள் வாங்கவா?
(ஹட்டன்)

பதில்: பொறுங்கள். எந்தப் பதிப்பு என்று எழுதவில்லையே! 2023இல் வந்த டெபியன் 12 முதல், வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மூடிய உள்நிரலான ஃபர்ம்வெயரும் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. அதைப் போட்டுப் பாருங்கள். லினக்ஸின் சின்னமான பெங்குவின் படத்தை நம்பிக் கண்டியில் நான் வாங்கிய டொங்கிளோடு, அதை இயக்கும் நிரலுள்ள ஒரு சீடி வந்தது. என் லெப்டொப்பில் சீடி போட இடமே இல்லை. டொங்கிள் இன்னும் லாச்சியில் கிடக்கிறது.

கேள்வி: அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் கணினி வாங்கினோம். கடிதம், கணக்கு எழுதும் லிப்ரே ஒஃபிஸ் மென்பொருளுக்கு "லைசன்ஸ்" என்று 4,500 ரூபா பில்லில் போட்டிருக்கிறார்கள்.
(மாணவன், பதுளை)

பதில்: தம்பி, லிப்ரே ஒஃபிஸுக்கு லைசன்ஸ் காசு ஒரு சதமும் இல்லை. போட்டுத் தந்ததற்குக் கூலி கேட்கலாம், அதைக் கூலி என்றே எழுத வேண்டும். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவோடு கடைக்குப் போய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசுங்கள். கணினி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும், பில் பிரதியோடு.