ஜெர்மனிக்குக் குட்மார்னிங், துபாய்க்கு வீடியோ கால்: தோல் பொருள் விற்பவர் எங்கே எதைச் செய்யலாம்?

கேள்வி: பேரணாம்பட்டில் வீட்டை ஒட்டியே சின்ன யூனிட் வைத்துத் தோல் பர்ஸ், பெல்ட், லேடீஸ் பேக் செய்கிறோம். உள்ளூர், பெங்களூர் வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்தான், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் இருக்கிறது. போன வருஷம் ஒரு கண்காட்சியில், ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் பெண்மணி ஒருவர் சாம்பிள் வாங்கிப் போனார். தினமும் காலையில் குட்மார்னிங் போடுகிறேன், புது டிசைன் படங்கள் அனுப்புகிறேன், இரண்டு முறை வீடியோ காலும் செய்தேன். ப்ளூ டிக் விழுகிறது, பதில் இல்லை. ஜப்பான் கம்பெனி ஒன்று ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதியதோடு சரி. துபாயில் இருக்கும் மச்சான் ஆர்டர் பிடித்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் வாட்ஸ்அப் காலில் அவரோடு பேசவே முடிவதில்லை. பக்கிள் அனுப்பும் சீனாக்காரர் வீசாட்டுக்கு வரச் சொல்கிறார். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டுமா?

பதில்: தனித்தனிக் கணக்கு வேண்டாம். உங்கள் சிக்கல் ஆப்பில் இல்லை. யாரிடம், எந்த நேரத்தில், எவ்வளவு நெருங்கிப் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் இப்போது கையில் இருக்கும் கணக்குகளே போதும்.

நம் பக்கத்தில் போன் நம்பர் என்பது ஊர்ச் சொத்து மாதிரி. கடை ஷட்டரிலும் ஆட்டோவின் முதுகிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். யாரும் கூப்பிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் பூ படம் போட்ட வணக்கம், வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்மா முபாரக், பொங்கலுக்குக் கரும்பு. இதற்கெல்லாம் ‘உங்களை மறக்கவில்லை’ என்றுதான் அர்த்தம், பெறுபவரும் அப்படியேதான் எடுத்துக்கொள்கிறார். இந்தக் குட்மார்னிங் படங்கள் நம் நாட்டுப் போன்களை நிரப்பி அடைத்ததைப் பார்த்துவிட்டு, அவற்றைக் கண்டுபிடித்து அழிக்கவென்றே கூகுள் 2018 வாக்கில் ஒரு வசதி கொண்டுவந்தது. அந்த அளவுக்கு இது நம் பழக்கம்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் மானிடவியலாளர் டேனியல் மில்லர் குழுவினர் உலகில் ஒன்பது இடங்களில், ஒவ்வொன்றிலும் 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் ஒரு இடம் சென்னைக்குப் பக்கத்தில். ஒரே ஃபேஸ்புக்தான், ஆனால் ஒவ்வொரு ஊரும் அதைத் தன் உறவு முறைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது என்பது அவர்கள் கண்டது. நம் பக்கத்தில் குடும்பமும் சொந்தபந்தமும் முன்னால் நின்றன. தென்கிழக்குத் துருக்கி ஊரில் ஊரார் பார்க்கும் பக்கம் ஒரு மாதிரி, தனி அரட்டை வேறு மாதிரி. சீனத் தொழிற்சாலை நகரத்தில் வேலைக்கு வந்த இளைஞர்கள், தாங்கள் வாழ விரும்பும் வாழ்க்கையைத் தங்கள் நாட்டுச் சமூக ஊடகத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். உங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களும் அப்படி ஆளுக்கொரு ஊரின் வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான்.

ஜெர்மன் பெண்மணிக்கு வருகிறேன். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். நீங்கள் காலை ஆறு மணிக்குப் போடும் குட்மார்னிங், அவர் தலைமாட்டில் இருக்கும் போனில் நடுராத்திரி இரண்டரை மணிக்கோ ஒன்றரை மணிக்கோ ஒலிக்கிறது.

அடுத்தது, ஜெர்மனியில் வாட்ஸ்அப் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது குடும்பம், நண்பர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடக் குழு என்று சொந்த வட்டத்துக்கானது. வியாபாரத்துக்கு மின்னஞ்சல். முன்பே நேரம் கேட்காமல் வரும் வீடியோ கால், சொல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தது போலத்தான் அவருக்கு இருக்கும். சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. முன்கூட்டியே தெளிவான சம்மதம் வாங்காமல் மின்னஞ்சல், மெசேஜ் வழியே விளம்பரம் அனுப்புவதை அவர்களுடைய வணிகப் போட்டிச் சட்டம் தொந்தரவு என்றே வகைப்படுத்துகிறது. 2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தகவல் பாதுகாப்பு விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன.

இந்தக் கறார் திடீரென்று வந்தது அல்ல. நாஜி ஆட்சியும் அதன்பின் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறையும் மக்களைப் பற்றிக் கோப்பு கோப்பாகச் சேர்த்து வைத்த நாடு அது. 1983-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய வழக்கில், ஒருவரைப் பற்றிய தகவலை என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2010-இல் கூகுள் தெருப் படங்களை வெளியிடக் கிளம்பியபோது சுமார் 2,44,000 வீட்டார் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொன்னார்கள். வீட்டு வாசல் தெரிவதையே விரும்பாத ஊரில், தினமும் வரும் பூ படம் அன்பாகப் படாது.

இப்போது என்ன செய்யலாம்? வாட்ஸ்அப்பை நிறுத்திவிடுங்கள். அவருடைய கடை மின்னஞ்சலுக்கு, அவருடைய நேரப்படி செவ்வாய் அல்லது புதன் காலையில் ஒரே ஒரு கடிதம், ஆங்கிலத்தில். எந்தக் கண்காட்சியில் எந்த சாம்பிள் கொடுத்தீர்கள் என்று முதல் வரி. இத்தனை மெசேஜ் அனுப்பியதற்கு வருந்துகிறேன், இனி மின்னஞ்சலில் மட்டும் எழுதுகிறேன் என்று இரண்டாவது வரி. அதை நீட்ட வேண்டாம். பிறகு ஒரு பக்க பிடிஎஃப்: என்ன தோல், கனம் எத்தனை மில்லிமீட்டர், லைனிங், குறைந்தபட்ச எண்ணிக்கை, சென்னை எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும் வரையான விலை) யூரோவில், ஆர்டர் கொடுத்தால் எத்தனை வாரம். கூடவே, தோலில் இருக்கக்கூடிய நச்சு ரசாயனமான குரோமியம்-6 பற்றிய டெஸ்ட் ரிப்போர்ட். உடலில் படும் தோல் பொருளில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்பது 2015 மே முதல் அங்கே விதி. இந்த ரிப்போர்ட் நூறு குட்மார்னிங்கை விட நல்லது. கடைசி வரியில், உங்களை எந்த வழியில் தொடர்புகொள்வது வசதி என்று கேளுங்கள். எந்த நாட்டுப் புதுப் பையரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது. இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலிக்காரர்கள் வியாபாரத்திலும் தாராளமாக வாட்ஸ்அப் பயன்படுத்துவார்கள், குரல் பதிவும் அனுப்புவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளில் இத்தாலி மெஷின் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வியாபார நோக்கில் இணையத்தில் பக்கம் வைத்திருப்பவர் தன் பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் வெளியிட வேண்டும் என்பது ஜெர்மனியில் சட்டம். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, அதைப் பார்த்துப் பழகிய கண் அது. ஒரு செல் நம்பரும் ‘டிஎம் ஃபார் ப்ரைஸ்’ என்ற வரியும் மட்டும் இருக்கும் பக்கத்தை அவர்கள் நம்ப மாட்டார்கள். தெருப் பெயரோடு முழு முகவரி, ஜிஎஸ்டி எண், ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் போடுங்கள். லிங்க்ட்இனிலும் ஒரு பக்கம் தொடங்குங்கள். அங்கே கை குவித்த எமோஜியும் பண்டிகை வாழ்த்தும் வேண்டாம், பொருளும் தரமும் மட்டும்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பையர் உங்கள் பெயரைத் தேடும்போது ஊர்ப் பெயரையும் தேடுவார். வேலூர், தோல் என்று தட்டினால் பாலாறு வரும். டேனரிக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு பற்றி 2025 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பும் வரும். நம் ஊரில் இதைப் பேசாமல் விடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வியாபாரத்துக்கும் அது உதவாது. எந்த டேனரியில் தோல் வாங்குகிறீர்கள், அதன் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, அந்த டேனரிக்குச் சுற்றுச்சூழல் தரத்துக்கான எல்டபிள்யூஜி சான்று உண்டா என்று நீங்களே முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு பக்கத்தில் எழுதுங்கள். இல்லாததை எழுத வேண்டாம். பச்சைத் தோல் குவியல் படத்தையும் எடுத்துவிடுங்கள், நமக்கு அது அன்றாடக் காட்சி, அங்கே கடைக்கு வருபவருக்கு அப்படி இல்லை. வேலை செய்யும் பெண்களின் முகத்தைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். கை மட்டும் தெரிந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அப்படியே எடுங்கள்.

ஜப்பான். அங்கே எல்லார் கையிலும் இருப்பது லைன் ஆப். 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து போன் தொடர்பு தடுமாறிய சில மாதங்களில், ஜூனில் வந்தது. இன்று 9 கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக நீங்கள் அதில் கணக்கு தொடங்கி அந்தக் கம்பெனிக்காரரைத் தேட வேண்டியதில்லை, அவரே அழைத்தால் போங்கள். எக்ஸ் தளமும் ஜப்பானில் மிகப் பெரிது, ஆனால் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அவருடைய சொந்தக் கணக்கைத் தேடிப் பிடித்துப் பின்தொடர்வது அவரைச் சங்கடப்படுத்தும். ‘பரிசீலிக்கிறோம்’ என்பதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். பல சமயம் அது மரியாதையான மறுப்பு. சில சமயம் உண்மையிலேயே பரிசீலனை, ஏனென்றால் பல கம்பெனிகளில் ஒரு முடிவுக் காகிதம் கீழிருந்து மேலே ஒவ்வொருவர் ஒப்புதலாக வாங்கிக்கொண்டு போகும். எது என்று தெரிந்துகொள்ள, ‘என்ன ஆச்சு?’ என்று கேட்காதீர்கள். புதிதாக ஒரு விவரம் கொடுங்கள்: ஓரத் தையல், உள்பாக்கெட், ஜிப் நுனி ஆகியவற்றின் கிட்டப் படங்கள், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற கணக்கோடு. பரிசீலனை நடந்துகொண்டிருந்தால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும். நன்றி மட்டும் வந்தால் அடுத்த பையரைப் பாருங்கள்.

துபாய் மச்சான் விஷயத்தில் உங்கள் போனில் கோளாறு இல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், கால் மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அங்கிருப்பவர்கள் கால் பேச பாட்டிம் என்ற ஆப் வைத்திருக்கிறார்கள். பையரோடு பேச ஜூம் அல்லது டீம்ஸ் போதும். நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். 2022 முதல் துபாயில் வார விடுமுறை சனி, ஞாயிறு. சவூதியில் வெள்ளி, சனி. அதனால் வெள்ளி மதியம் விலை பேச உட்காராதீர்கள். ஜும்மா முபாரக் அங்கே தாராளமாகச் செல்லும், ஈத் வாழ்த்தும் செல்லும். சவூதி இளைஞர்களிடம் ஸ்னாப்சாட் மிகப் பிரபலம், பிற்காலத்தில் லேடீஸ் பேக் அங்கே போகும் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேலை இருக்கும்.

மச்சானுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லுங்கள். கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளரையோ, பையரின் குடும்பத்தையோ அனுமதி இல்லாமல் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது இங்கே சாதாரணம். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி அதற்குச் சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தன் கணக்கில் உங்கள் பொருளுக்கு விளம்பரம் போடுவதற்கு முன்பு அங்குள்ள உரிம விதிகளையும் அவர் விசாரித்துக்கொள்ளட்டும். பிழைக்கப் போன இடத்தில் ஒரு போட்டோவால் அவருடைய விசாவுக்கு ஆபத்து வரக் கூடாது.

சீனாக்காரருக்கு வீசாட் தவிர வேறு வழி குறைவு. சீனாவில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் தடுக்கப்பட்டவை. பேச்சு, பணம், பில் எல்லாமே அவருக்கு வீசாட்டில்தான். ஆனால் நம் அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 ஆப்களில் வீசாட்டும் ஒன்று. யாரோ ஏற்றிக் கொடுக்கிறேன் என்றாலும் போகாதீர்கள். மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். ஏற்றுமதி செய்யும் சீனர்கள் பலர், இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் வழியாக வாட்ஸ்அப்பும் வைத்திருக்கிறார்கள், ஹாங்காங்கில் ஆபீஸ் இருந்தால் அங்கே வாட்ஸ்அப் தாராளம். பதில் ஒரு நாள் தாமதமாக, ஒரேயடியாகப் பத்து மெசேஜாக வந்தால் பயப்பட வேண்டாம், அது விபிஎன் கோளாறாக இருக்கலாம். ஆனால் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அட்வான்ஸை இதில் போடுங்கள்’ என்று எந்த வழியில் மெசேஜ் வந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றிப் பணம் பறிப்பது ஏற்றுமதி இறக்குமதியில் அடிக்கடி நடக்கிற மோசடி. பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் போட்டு, அவர் வாயால் கணக்கு எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகு வங்கிக்குப் போங்கள்.