குளோன் செய்தால் அதே நாய் கிடைக்குமா? – கேள்வி பதில்

கால்நடை இனப்பெருக்கம்தான் என் படிப்பும் பிழைப்பும். குளோனிங், அதாவது ஒரு விலங்கின் செல்லிலிருந்து அதே ஜீன்களோடு இன்னொன்றை உருவாக்குவது பற்றி நீங்கள் கேட்டவற்றில் சில இங்கே.

சார், என் லேப்ரடார் போன மாதம் இறந்துவிட்டான். அமெரிக்காவில் 50,000 டாலர் கொடுத்தால் அதே நாயைத் தருவார்களாமே?

அதே ஜீன்களோடு வேறொரு நாயைத் தருவார்கள். அதற்கும் உயிருள்ள செல் வேண்டும். இறந்த சில நாட்களுக்குள் தோலை எடுத்துப் பாதுகாத்திருக்க வேண்டும். புதைத்து ஒரு மாதம் என்றால் வழியில்லை.

எடுத்து வைத்திருந்தாலும் நகல் எதிர்பார்க்காதீர்கள். 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனை சிசி. செல் கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியிடம் ஆரஞ்சு நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்திருக்கும். எடுத்த செல்லில் ஆரஞ்சு ஜீன் இருந்த எக்ஸ் அணைந்திருந்தது, அது குட்டியிலும் அப்படியே தங்கிவிட்டது. ரோமத்திலேயே இந்தக் கதை என்றால் குணத்தை என்ன சொல்ல?

குளோன் செம்மறி ஆடு டாலி சீக்கிரம் செத்ததற்குக் காரணம் அது குளோன் என்பதுதானே?

இல்லை. 2003 பிப்ரவரியில், ஆறரை வயதில், நுரையீரல் கட்டியால் கருணைக்கொலை செய்யப்பட்டது. ஒரு வைரஸால் ஆடுகளுக்கு வரும் நோய் அது. டாலியை உருவாக்கிய அதே செல் தொகுப்பிலிருந்து பிறந்த நான்கு ஆடுகளை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்து, நல்ல ஆரோக்கியத்தோடு முதுமை அடைந்திருப்பதாக 2016இல் சொன்னார்கள்.

பிறந்து தேறிய குளோன் பெரும்பாலும் நன்றாகவே வாழும். இழப்பெல்லாம் அதற்கு முன்னால். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் ஜீன்கள் இருக்கும் உட்கருவை நீக்கிய 277 சினைமுட்டைகளோடு, வளர்ந்த ஆட்டின் மடி செல்களை இணைத்தார்கள். 29 கருக்கள் தேறின. பிறந்தது டாலி ஒன்றுதான்.

குரங்கு வரை வந்தாச்சு. மனிதனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தடை?

தம்பி, அந்தக் குரங்குக் கணக்கையே பாருங்கள். 2018இல் ஷாங்காய் விஞ்ஞானிகள் அறிவித்த சோங் சோங், ஹுவா ஹுவா இரண்டும் கருநிலைக் குரங்கின் செல்லிலிருந்து வந்தவை. 21 வாடகைத்தாய்க் குரங்குகளில் கரு வைத்துக் கிடைத்தவை இந்த இரண்டு. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து 42 தாய்களிடம் முயன்றபோது 22 சினைப்பட்டன, இரண்டு பிறந்தன, இரண்டும் உடனே இறந்தன. அந்த 42 இடத்தில் பெண்களை வைத்துப் பாருங்கள். கடவுள், ஆன்மா என்று போகாமலே எனக்கு இது போதும்.

ரகசியமாக ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

2002இல் குளோன்எய்ட் என்ற அமைப்பு ஈவ் என்ற குழந்தை பிறந்ததாக அறிவித்தது. ஒரு டிஎன்ஏ சோதனையைக்கூடக் காட்டவில்லை. தள்ளிவிட்டுப் போகலாம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

மனித குளோனிங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சிக்கான 2017 தேசிய வழிகாட்டு நெறிகளில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. பிரிட்டன் 2001லேயே சட்டம் போட்டது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கான தடைச் சட்டம் கிடையாது, சில மாநிலங்களில் உண்டு. 2005இல் ஐ.நா. ஒரு பிரகடனம் நிறைவேற்றியது, அது யாரையும் கட்டுப்படுத்தாது. நம்முடையதை நெறிமுறையோடு நிறுத்தாமல் சட்டமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டு எருமை நல்ல கறவை. குளோன் செய்ய முடியுமா ஐயா?

முடியும், ஆனால் வீட்டு மாட்டுக்கு யாரும் செய்து தர மாட்டார்கள். ஹரியானாவின் கர்னால் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009இல் பிறந்த முதல் கன்று சம்ரூபா சில நாட்களில் போய்விட்டது. அப்புறம் வந்த கரிமா-2 வளர்ந்து, 2013இல் தானே கன்று ஈன்றது. அங்கே உண்மையான ஆசை கிடாக்கள் மேல்தான். தரமான ஒரு கிடாவை குளோன் செய்தால் அதன் உறைவிந்து ஆயிரக்கணக்கான எருமைகளுக்குப் போகும். உங்கள் எருமைக்கு இப்போதைக்கு நல்ல கிடாவின் சினை ஊசி போடுங்கள். பிறக்கும் கிடேரியின் கறவையைக் குறித்து வையுங்கள்.