பவுலா மோடர்ஸோன்-பெக்கர்: கேள்வி பதில்

ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் (1876–1907) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பதில்: டிரெஸ்டனில் பிறந்து பிரேமனில் வளர்ந்தவர். வீட்டார் சொன்னதற்காக ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, அப்புறம்தான் பெர்லினில் ஓவியம் படிக்கப் போனார். அதுவும் பெண் கலைஞர்கள் சங்கம் நடத்திய பள்ளியில். பெர்லின் கலை அகாதெமியின் கதவு பெண்களுக்கு 1919-இல்தான் திறந்தது. 31 வயதில் இறந்துபோனார். அதற்குள் 700-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். உயிரோடு இருந்தபோது விற்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

கேள்வி: வோர்ப்ஸ்வேடே கலைஞர்களில் ஒருவர்தானே? அவர்களைப் போல நிலக்காட்சிதான் வரைந்தாரா?

பதில்: பிரேமனுக்குப் பக்கத்துச் சதுப்பு நிலக் கிராமம் அது, ஓவியர்கள் கூடி வாழ்ந்த இடம். 1898-இல் அங்கே போய் ஓவியர் ஃப்ரிட்ஸ் மாக்கென்ஸனிடம் கற்றார். மற்றவர்கள் வானத்தையும் பிர்ச் மரங்களையும் கண்ணுக்கு இதமாக வரைந்தார்கள். பவுலாவும் அவற்றை வரைந்தார்தான். ஆனால் அவர் மனம் போனது ஏழைகள் விடுதிக் கிழவிகள் பக்கமும், விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் பக்கமும். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

கேள்வி: பாரிஸ் அவரை எப்படி மாற்றியது?

பதில்: 1900-இலிருந்து நான்கு முறை போய்த் தங்கினார். முதல் பயணத்திலேயே வொல்லார் என்ற வணிகரின் கடையில் பிரெஞ்சு ஓவியர் செஸானின் ஓவியங்களைப் பார்த்துவிட்டார். அப்போது ஜெர்மனியில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் சொற்பம். 1903-இல் லூவர் அருங்காட்சியகத்தில் எகிப்தின் ஃபாயூம் முகங்கள், அதாவது மம்மிகளின் மேல் வைத்த உருவப்படங்கள். அகன்ற கண்கள், நேருக்கு நேர் பார்வை. அதற்குப் பிறகு அவர் வரைந்த முகங்களைப் பாருங்கள்: சில்லறை விவரங்கள் உதிர்ந்து, வடிவம் மட்டும் கனமாக நிற்கும். வண்ணத்தையும் தடிமனாகப் பூசி, ஈரம் காயும் முன் தூரிகைக் காம்பால் கீறுவார்.

கேள்வி: கணவர் ஓட்டோ அவரை அமுக்கி வைத்தார் என்கிறார்களே?

பதில்: அவ்வளவு எளிதான கதை இல்லை. ஓட்டோ மோடர்ஸோனும் ஓவியர்; பாரிஸ் செலவுக்குப் பணம் கொடுத்தவர்; மனைவியின் திறமையை அறிந்தவர். அதே மனிதர் 1903-இல் நாட்குறிப்பில், பவுலா வரையும் கைகள் கரண்டி போலவும் வாய்கள் காயம் போலவும் இருப்பதாக எழுதினார். 1906 பிப்ரவரியில் பவுலா அவரை விட்டு பாரிஸ் போய்விட்டார். மறு ஆண்டு வோர்ப்ஸ்வேடே திரும்பியபோது இருவரும் சேர்ந்திருந்தார்கள். 1907 நவம்பர் 2-இல் மகள் பிறந்தாள். 20-ஆம் தேதி படுக்கையிலிருந்து எழுந்தவர் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்.

கேள்வி: வயிற்றில் கை வைத்தபடி நிற்கும் அந்த நிர்வாணத் தற்சித்திரம், கர்ப்பமாக இருந்தபோது வரைந்ததா?

பதில்: இல்லை. 1906 மே 25, பாரிஸில், கணவரைப் பிரிந்திருந்த நேரம். கர்ப்பமும் இல்லை. கழுத்தில் மணிமாலை, இடுப்பில் வெள்ளைத் துணி. கீழே, இதை என் 30-ஆம் வயதில் ஆறாவது திருமண நாளன்று வரைந்தேன் என்று எழுதி, 'பி.பி.' (பவுலா பெக்கர்) என்று கையெழுத்திட்டிருக்கிறார். கணவரின் பெயர் அதில் இல்லை.

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

பதில்: பிரேமனில், போட்ஷர்ஷ்ட்ராஸே என்ற சந்தில். 1927-இல் காபி வணிகர் லூட்விக் ரோசெலியூஸ் அவருக்காகவே ஒரு அருங்காட்சியகம் கட்டினார். வடிவமைத்தவர் பவுலாவின் நண்பரான சிற்பி பெர்ன்ஹார்ட் ஹோட்கர். மேலே சொன்ன தற்சித்திரம் அங்கேதான். பிறகு நாஜிகள் அவரைச் 'சீரழிந்த கலை' பட்டியலில் சேர்த்து, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து சுமார் 70 படைப்புகளை அகற்றினார்கள். பிரேமன் குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடத்திலும் அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன, நடந்தே போய்விடலாம்.