புதுக் காருக்கு எந்த வாக்ஸ் போடலாம்?

வண்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்துபவர்.

கேள்வி: ஐயா, போன மாதம் கருநீல நிறத்தில் புதுக் கார் எடுத்தோம். ஷோரூமில் ஏதோ கோட்டிங் போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வாக்ஸ் வாங்கலாம் என்று தஞ்சாவூரில் கடைக்குப் போனால் டப்பாவில், பாட்டிலில், ஸ்பிரேயில் என்று ஏழெட்டு வகை. எதை எடுத்தாலும் 'பளபளப்பு, பாதுகாப்பு' என்றே போட்டிருக்கிறது. மூன்று மாதம் பெயின்ட் காயட்டும், அதுவரை எதையும் தடவாதே என்கிறார் அப்பா. வண்டி வாசலில் புளியமரத்தடியில் நிற்கிறது. எதை வாங்குவது?
— வாசகர், வலங்கைமான்

பதில்: தம்பி, அப்பா சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பட்டறையில் ஒரு கதவுக்கோ பம்பருக்கோ புதிதாகப் பெயின்ட் அடித்தால், அதற்குள் இருக்கும் தின்னர் முழுவதும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மெழுகு பூசி மூடினால் பெயின்ட் மங்கிவிடும். அதனால் நானே 60 நாள், 90 நாள் பொறுக்கச் சொல்லித்தான் வண்டியை அனுப்புவேன். தொழிற்சாலைக் கதை வேறு. கண்ணாடி, சீட் எதுவும் மாட்டாத வெறும் பாடியாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். உங்கள் கைக்குச் சாவி வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே அது காய்ந்து இறுகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே வாக்ஸ் போடலாம். பின்னால் எப்போதாவது இடிபட்டு ஒரு பக்கம் ரீபெயின்ட் செய்தால், அப்போது அப்பா சொன்னதைக் கேளுங்கள்.

இனி எதை வாங்குவது என்பது. அதற்கு முன் நீங்கள் எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும். இப்போதைய கார்களில் நிறம் அடியில் இருக்கிறது. அதன்மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் ஒன்று. நீங்கள் தொடுவது, தேய்ப்பது எல்லாம் அந்தக் கிளியரைத்தான். அதன் கனம் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கையில் பிடித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதில் பாதி. வண்டியின் ஆயுள் முழுக்க வெயிலையும் மழையையும் தாங்குவதற்கு உங்களுக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். தேய்ந்தால் திரும்ப வராது.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது, எதை வாங்கக் கூடாது என்பதை. டப்பாவில் 'கிளீனர் வாக்ஸ்', 'ஸ்கிராட்ச் ரிமூவர்', 'பாலிஷ்', 'காம்பவுண்ட்', 'ஆல் இன் ஒன்' என்று இருந்தால், பெரும்பாலும் அதில் உரசும் பொடி கலந்திருக்கும். பழைய வண்டியில் மங்கிய மேல்தோலை எடுக்க அது உதவும். ஒரு மாத வண்டியில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? நல்ல கிளியரைத்தான் தேய்த்து எடுக்கும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதில்தான் கற்றேன். நான் தொழில் பழகிய காலத்தில் பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாஸடர்கள். அவற்றில் கிளியர் கிடையாது. வெயிலில் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிடும். தேய்த்தால் துணியில் நிறம் வரும், அடியிலிருந்து புதுப் பெயின்ட் தெரியும். அந்த வண்டிகளைத் தேய்த்தே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டு, இன்றைக்கும் பல இடங்களில் புது வண்டியைக்கூட மிஷின் போட்டுத் தேய்க்கிறார்கள். மூன்று வருட வயதுள்ள ஒரு கறுப்புக் கார் என்னிடம் வந்தது. உரிமையாளர் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். மாதா மாதம் ஓரிடத்தில் கொடுத்து மிஷின் பாலிஷ் போட்டிருக்கிறார். பானெட்டின் விளிம்புகளில் கிளியர் முழுக்கத் தேய்ந்து நிறமே வெளுக்க ஆரம்பித்திருந்தது; விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். "இத்தனை செலவு பண்ணியும் ஏன் இப்படி ஆச்சு?" என்று அவர் கேட்டபோது பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால்கூட அந்தப் பெயின்ட் இன்னும் பல வருடம் நன்றாக இருந்திருக்கும்.

சரி, உரசாத வாக்ஸில் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஒன்று கார்னுபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. ஓலையைக் காயவைத்து உதிர்த்து எடுக்கிறார்கள். மெழுகு என்றால் நமக்குப் பக்கத்துச் சுவாமிமலைதான் நினைவுக்கு வரும். அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் பிசைந்து சிலைக்கு உருப் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும். கார்னுபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்திரை மதியத்தில் கருநீலப் பானெட் மேல் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டையும் இது தாங்குகிறது என்பதால்தான் காருக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் டப்பாவில் வருவது முழுக் கார்னுபா இல்லை. எண்ணெய், கரைப்பான், மற்ற மெழுகு எல்லாம் கலந்தது. அடர்ந்த நிறத்தில் அதன் ஆழமான மினுமினுப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று சிந்தெடிக் சீலன்ட். செயற்கைப் பாலிமர். நான்கு, ஆறு மாதம் நிற்கும். வெட்டவெளியில், மரத்தடியில் நிற்கும் உங்கள் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். 3எம், டர்டில் வாக்ஸ், மெக்குயர்ஸ் என்று பெயர் எதுவானாலும் 'சிந்தெடிக்' அல்லது 'சீலன்ட்' என்றும், 'உரசும் பொருள் இல்லை' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். புரட்டாசி கடைசியில், அடைமழைக்கு முன் ஒரு தடவை. தை அறுவடைத் தூசி அடங்கியபின் ஒரு தடவை. இடையில் கழுவும்போது ஸ்பிரே வாக்ஸ் அடித்துக்கொண்டால் நல்லது. ஸ்பிரே மட்டும் போதும் என்று விட்டுவிட வேண்டாம், அது சில வாரம்தான்.

போடுவது சுலபம். அதிகாலையில் நிழலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். காய்ந்தபின் மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து, ஒரு கதவு முடித்து அடுத்தது என்று மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மிச்சம் எல்லாம் துணியோடுதான் போகும். பால் ஆடைபோல் மங்கி வந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் பளிச்சென்று தெரிந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடலாம். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் மட்டும் படாமல் பாருங்கள். வெள்ளையாகப் படிந்துகொண்டு போகவே போகாது.

புளியமரம்தான் எனக்குக் கவலை. அதில் கொக்கும் மடையானும் அடைந்தால் எச்சத்துக்குப் பஞ்சமிருக்காது. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடான கிளியரில் அரித்துக் குழி போட்டுவிடும். வாக்ஸ் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு, ஊறியபின் அப்படியே தூக்கி எடுங்கள். சுரண்டாதீர்கள். வேறு இடத்தில் நிறுத்த வழியிருந்தால் அது எந்த வாக்ஸையும்விட மேல்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் சாலையிலேயே நெல் காயவைப்பார்கள், தூற்றுவார்கள். வண்டியெல்லாம் உமித்தூசி. அதைக் காய்ந்த துணியால் ஒரு வீசு வீசித் துடைப்பதுதான் எல்லாரும் செய்வது. உமியில் சிலிக்கா நிறைய உண்டு. மணலில் இருப்பதும் அதே பொருள்தான். காய்ந்த துணியால் துடைப்பது மணல்தாளால் லேசாகத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் கருநீலக் காரைச் சுற்றி வட்டவட்டமாக மயிரிழைக் கீறல் தெரிவது இதனால்தான். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி.

கோட்டிங் வேண்டாம் என்று வந்ததற்கு வருத்தப்படாதீர்கள். நல்ல செராமிக் கோட்டிங் சில வருடம் நிற்பது உண்மைதான். ஆனால் அதைப் போடுவதற்கு முன் பரப்பைத் தயார் செய்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது. டெலிவரி அவசரத்தில் அது நடக்காது. 'டெஃப்லான்' என்று சொல்லியிருந்தால் இதையும் கேளுங்கள்: கடாயில் டெஃப்லானை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். காரை யார் அப்படிச் சுட முடியும்?

கேள்வி: வெள்ளைக் கார். போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். வாக்ஸ் போட்ட பிறகும் கண்ணாடியிலும் பானெட்டிலும் வட்ட வட்டமாகப் புள்ளி விழுகிறது. வாக்ஸ் சரியில்லையா?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது அம்மா. அது தண்ணீரை முத்து முத்தாக நிறுத்துகிறது. உப்புத் தண்ணீரில் அந்த முத்து காயும்போது அதற்குள் இருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஒரே புள்ளியில் படிகிறது. கழுவியதும் காற்றில் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். வெயில் ஏறியபின் கழுவவே வேண்டாம். கடைசி வாளிக்கு மட்டும் மழைத்தண்ணீரோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரோ கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். புதிதாக விழுந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிடுங்கள். அது வாக்ஸையும் கொஞ்சம் எடுத்துவிடும், அந்த இடத்தில் திரும்பப் பூசுங்கள். கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: வாக்ஸ் மேலே மட்டும்தான். உப்புக்காற்றுத் துரு கதவின் அடிப்பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். அங்கே தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள்.

கேள்வி: பூஜை போட்டபோது பானெட்டில் வைத்த குங்குமப் பொட்டின் கறை போகவில்லை. மாலை கட்டிய இடத்திலும் கீறல். என்ன செய்வது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். மஞ்சளில் செய்த குங்குமமாக இருந்தால் மிச்சக் கறை சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். சாயக் குங்குமம் என்றால் அப்படிப் போகாது. பெயின்டரிடம் அந்த இடத்தை மட்டும் கையால் லேசாகப் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள், முழு வண்டியையும் கொடுக்காதீர்கள். கீறல் மாலையின் கம்பியால் வந்தது. நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் மாட்டினால் எந்த வாக்ஸும் அதை மறைக்காது. அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டையும் சந்தனத்தையும் முன்கண்ணாடியில் வையுங்கள். மாலையை நாரில் கட்டித் தரச் சொல்லிப் பூக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டீசல் தொட்டுத் துடைத்தால் நல்ல பளபளப்பு வருகிறதே, செய்யலாமா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டாம். அது எண்ணெயின் பளபளப்பு. போட்ட வாக்ஸைக் கரைத்து எடுத்துவிட்டு, அதன் ஈரத்தில் தூசியை இழுத்து ஒட்டவைக்கும்; அடுத்து துடைக்கும்போது அந்தத் தூசியே கீறும். இதுவரை துடைத்திருந்தால் நல்ல ஷாம்புவால் இரண்டு முறை கழுவிவிட்டு, வாக்ஸை முதலிலிருந்து போடுங்கள்.